மகாராணியின் கோபம்

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லோரும் கட்டுப்பட்ட ஒரு விதி இருந்தது: எந்தக் காரியம் கெட்டாலும் பழி காருக்குத்தான், மனிதர்களைச் சொல்லக் கூடாது.

விலையுயர்ந்த அந்த மின்சாரக் காருக்கு மாமியார் வைத்த பெயர் மகாராணி. மருமகள் முதல் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய காலையில், மகாராணி தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அவள் அக்காவைப் பார்க்கக் கிளம்பிய அன்றோ, அவளுடைய கைப்பேசியைச் சாவியாக ஏற்க மறுத்தது. இரண்டு முறையும் வீட்டில் சிரிப்புத்தான். “மகாராணிக்கு மூடு சரியில்லை” என்பான் கணவன்.

இன்று சிரிக்க ஆளில்லை. அடுக்ககத்தின் அடித்தள நிறுத்தத்தில், தூண்களுக்கு நடுவே, கதவுகள் நான்கும் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டன.

“என்னம்மா சத்தம்?” என்று பின் இருக்கையிலிருந்து மாமியார் கேட்டார். மருமகள் மருந்தக வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிற வழியில் கண் மருத்துவமனையில் இறங்கிக்கொள்ளலாம் என்று, லிப்ட் மூடும் நேரத்தில் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் வந்து சேர்ந்துகொண்டவர் அவர்.

“பூட்டிக்கிச்சு அத்தை. பொத்தானை அழுத்தினா திறக்கலை.”

“நல்லா அழுத்து. இது காரா, சக்கரம் வெச்ச கம்ப்யூட்டரா?”

அவள் அழுத்தினாள். திரையைத் தட்டினாள், அது வெறும் கறுப்புக் கண்ணாடியாக அவள் முகத்தையே காட்டியது. அப்போது காற்றுத் துளைகள் உறுமத் தொடங்கின. குளிர்காற்று வர வேண்டிய இடத்திலிருந்து அனல் சீறியது.

இருக்கையும் சூடேறியது. முதுகில் புடவை ஒட்டிக்கொண்டது. சன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். எதிரே வரிசையாக நின்ற வண்டிகளைத் தவிர அங்கே எதுவும் இல்லை. காவலாளி மேலே வாசலில் இருந்தார். அவருக்கு எப்படிக் கேட்கும்?

கணவனை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். அவன் முந்தின நாளே வெளியூர் போயிருந்தான். “நான் இருக்கேன்னு சொல்லிடாதே. பதறிடுவான்” என்று மாமியார் கிசுகிசுத்தார்.

“என்னங்க, வண்டி பூட்டிக்கிச்சுங்க! கதவு திறக்கவே மாட்டேங்குது. திரையும் செத்துக் கிடக்கு.”

“அடக் கடவுளே, மறுபடியுமா? இரு, என் போன்லேர்ந்து திறக்க முடியுதான்னு பாக்கறேன்.” அவன் எதையோ தட்டும் ஓசை கேட்டது. “ம்ஹூம். இங்க வண்டியே தெரியலை. தொடர்பே அறுந்துபோச்சு.”

“கண்ணாடியை உடைச்சிடட்டுமா?”

“எதால? கைப்பையாலயா? ஒண்ணும் பண்ணாதே. கதவோரத்துல அவசரத்துக்குக் கையால திறக்கற கம்பி ஒண்ணு இருக்குல்ல, அதையும் தொட்டுடாதே. கண்ணாடி நொறுங்கி மூஞ்சில அடிக்கும்னு சொல்லியிருக்கேன்ல? பொறுமையா உக்காரு. ஹீட்டர் ரொம்ப நேரம் ஓடாது.”

“சர்வீசுக்குப் போன் போடட்டுமா?”

“அவங்க எடுக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். நான் பாத்துக்கறேன். தனியா இருக்கோம்னு பயப்படாதே.”

அவள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். பார்வை மட்டும் மருமகளின் கைப்பேசியிலேயே நிலைத்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

“ஒன்பதரைக்குள்ள போகலைன்னா அந்த மருந்தக வேலை போயிடும்ங்க. அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க.”

“உயிர் பெரிசா, வேலை பெரிசா? எத்தனை தடவைதான் இப்படி அலைவே? எனக்குப் பாக்கவே கஷ்டமா இருக்கு. வரலைன்னு சொல்லிடு. வீட்டுல உனக்கு என்ன குறை?”

“படிச்ச படிப்புங்க…”

“சரி, உன் இஷ்டம். நான் வெச்சிடறேன்.”

“வெச்சிடாதீங்க!”

காற்று இன்னும் பலமாகச் சீறியது. பின்னால் மூச்சு வாங்கும் ஓசை கேட்டது. விசிறிய கை மடியில் சரிந்துகிடந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்கு வேலை, படிப்பு, ஒன்பதரை எல்லாம் மறந்துபோயின.

“போகலைங்க” என்று அழுதாள். “இனிமே வேலைன்னு கேக்கவே மாட்டேன். கதவு மட்டும் திறந்தா போதும்.”

‘டக்.’

நான்கு கதவுகளும் விடுபட்டன. அனல் நின்று, குளிர்காற்று முகத்தில் பட்டது. திரை எதுவும் நடக்காததுபோல விழித்து, அவளுக்குக் காலை வணக்கம் சொன்னது.

அவள் பாய்ந்து இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். மாமியாரைத் தோளில் சாய்த்துத் தண்ணீர் புகட்டினாள்.

“திறந்துடுச்சுங்க” என்றாள், இன்னும் விம்மியபடி.

“பாத்தியா, தானா சரியாயிடுச்சு!” கணவன் சிரித்தான். “நான் என்ன பண்றது சொல்லு, மகாராணிக்குக் கோபம் வந்தா அப்படித்தான். எல்லாம் இந்த வண்டி பண்ற வேலை.”

“ஆமாங்க, வண்டிதான்…” என்று அவள் பழக்கத்தில் தொடங்கினாள்.

மாமியார் அவள் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, வாயருகே பிடித்தார்.

“வண்டிமேல பழி போடாதடா. ஹீட்டர் ஓடுதுன்னு அவ உன்கிட்ட சொல்லவே இல்லை.”