நாலு பேருக்கு சாண்ட்விச்

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதேம்மா," என்றார் கறிக்கடைக்காரர் நைஜல், கத்தியைத் துடைத்தபடி.

டோரீன் தலையாட்டினாள். சலூனிலும் இதே பதில், தபால் நிலையத்திலும் இதே பதில். கணவர் கிளிஃபர்ட் பேட்டர்ஸ்பி தவறிவிட்டார், வெள்ளிக்கிழமை அடக்கம் என்று சொன்னால், ஆல்டர்விக் கடைத்தெருவே மிகுந்த அனுதாபத்துடன் "யாரு?" என்றது.

அவள் நகரத்துக்கு வேலைக்குப் போய் வந்தவள். விடிந்தால் பஸ், இருட்டினால் வீடு. கடைத்தெரு கிளிஃபர்டின் ராஜ்ஜியம். குடிவந்த புதிதில், தானமாக வந்த பழைய துணி விற்கும் தர்மக் கடையில் வாங்கிய ஜாக்கெட், யாரோ தோட்டக்காரர் போட்டுக் கழித்தது, மார்பில் சிவப்பு நூல் தையலோடு. அதை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் மதியம்தான் திரும்புவார். இந்த ஊரில் தன்னைத் தெரியாத ஆளே இல்லை என்பார்.

அது பொய்யா? அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது.

வாய்விட்டு மறுத்துப் பேசும் ஆளில்லை கிளிஃபர்ட். சலூனில் ஒரு பக்கக் கிருதாவைக் காணாமல் அடித்தால்கூட "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வருவார். எங்கள் ஊரே அப்படித்தான். இதைச் சொல்கிற நானும் ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தேன். எல்லோரும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள்.

பேக்கரியில், அடக்கம் முடிந்து வருபவர்களுக்கு சாண்ட்விச் வேண்டும் என்றாள். எத்தனை பேருக்கு என்று மாஜ் கேட்டாள். டோரீன், அவள் தங்கை, பாதிரியார், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர்.

"நாலு பேருக்கு."

கண்ணாடிக்குள் ஒரே ஒரு கஸ்டர்ட் டார்ட் மிச்சமிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ஞாபகம் வந்து, அதைக் கேட்டாள்.

"அதை மட்டும் கேக்காத கண்ணு, ட்ரெவருக்கு எடுத்து வச்சது," என்றாள் மாஜ். "கொஞ்ச நாளா மனுஷனைக் காணோம். அவர் வந்து வம்பளக்காம கடையே வெறிச்சுனு கெடக்கு."

செத்தாலும் ட்ரெவராகச் சாகவேண்டும் என்று நினைத்தபடி டோரீன் வெளியே வந்தாள்.

கடைசியாகத் தர்மக் கடை. இங்கே அவள் எதுவும் கேட்கவில்லை. கிளிஃபர்டின் துணிகள் இருந்த பையை மட்டும் மேஜைமேல் வைத்தாள். கடைக்கார ஐரிஸ் ஸ்வெட்டர், கால்சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். ஜாக்கெட் வந்ததும் அவள் கை நின்றது. மார்பிலிருந்த தையலைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது நம்ம ட்ரெவர் ஜாக்கெட்டாச்சே," என்றாள் மெதுவாக. "அவர் எங்கேம்மா?"

எத்தனையோ தடவை துவைத்த அந்தத் தையலை டோரீன் முதல்முறையாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்: ட்ரெவர். பிறகு ஜாக்கெட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே பேக்கரிக்கு நடந்தாள்.

"சாண்ட்விச் நாலு பேருக்குப் பத்தாது, மாஜ்," என்றாள். "நான் ட்ரெவரோட சம்சாரம்."