சீமைச் செம்மறியின் சொறி

ரத்தினம் சாக்கைப் பிரித்து, செத்த வரையாட்டுக் குட்டியைத் தலைவரின் முகத்துக்கு நேரே கிடத்தினார்.

உடம்பில் மயிரே இல்லை. தோல் காய்ந்த களிமண்ணாக வெடித்திருந்தது.

குற்றாலத்துப் பங்களா முற்றத்தில் கல்மேல் குப்புறப் படுத்திருந்த அய்யாக்குட்டித் தலைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் கடற்கரையின் கை அவர் முதுகில் அப்படியே நின்றது.

சீமைச் செம்மறி அபிவிருத்திச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வரையாடு பாதுகாப்புக் குழுவுக்கும் அவரேதான். மாலை எத்தனை வந்தாலும் தாங்குகிற கழுத்து.

கப்பலில் வந்த செம்மறிகளைத் தென்காசி ஸ்டேஷனில் மேளம் வைத்து இறக்கினார். இரண்டாம் மாதமே சொறி. தனியே கட்டிப்போடச் சொன்ன மாட்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர். ஊர் உலகமே வந்து குளித்துச் சொறி தீர்ந்து போகும்போது ஆட்டுக்குத் தீராதா? மந்தையை அருவி பிறக்கும் மலைமேட்டுக்கே ஏற்றிவிட்டார்.

அவை உரசிய பாறையில்தான் வரையாடுகளும் உரசின. சொறி ஒட்டிய வரையாடுகளெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. அவற்றில் இந்தக் குட்டிதான் கடைசி.

“செம்மறியக் கீழ இறக்குங்கய்யா,” என்றார் பாரஸ்ட் கார்டு ரத்தினம். “உச்சிப்பாறைக் கூட்டம் ஒண்ணுதான் நோவில்லாம நிக்கி. அதுக்கும் ஒட்டிட்டுன்னா இந்த மலையில வரையாடே கிடையாது.”

“ஏலே, புத்தி பிசகிட்டா ஒனக்கு? ஒன் காட்டு ஆடுதாம்லே என் செம்மறிக்கு ஒட்ட வைக்குது! துப்பாக்கிய எடுத்துட்டுப் போ. சொறி புடிச்சது ஒண்ணு மலையில உசிரோட நிக்கப்படாது.”

“எல்லாத்தையுமாய்யா?”

“ஒண்ணு விடாம! ரேஞ்சர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். குளிக்கப் போற நேரத்துல பொணத்தத் தூக்கிட்டு வந்துட்டான்.”

ரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு குட்டியைச் சாக்கில் சுற்றினார்.

“கடற்கர அண்ணாச்சி, ஐயா சொன்னது காதுல விழுந்துச்சுல்லா?”

“நல்லாவே விழுந்துச்சு,” என்ற கடற்கரை, தலைவரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

மறுநாள் காலை மலைமேட்டில் மேகம் விலகியபோது, உச்சிப்பாறையிலிருந்து வரையாடுகள் எட்டிப்பார்த்தன.

ரத்தினம் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார்.

எதிரே புல்வெளியில் செம்மறிகள் சொறிந்துகொண்டிருந்தன.