கழுதை முரசு

“எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் இருப்பவர்கள் மாணவர்கள் அல்ல, கழுதைகள். கழுதையாவது காகிதத்தைத் தின்னும். இவர்கள் அதைத் தொடக்கூட மாட்டார்கள்!”

திரையில் இருந்ததை ஒருவன் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் கம்ப்யூட்டர் அறையே கொதித்தது. வெப்சைட்டின் பெயர் ‘கழுதை முரசு’. நடத்துவது யார் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை.

“எவன்டா அவன்? டீச்சர், போலீஸ்ல சொல்லுங்க!”

“போலீசுக்கு வேற வேலை இல்லையா?” என்றார் தமிழ் டீச்சர். “நீங்க இங்க தொண்டை கிழியக் கத்தினா அவன் காதுல விழப்போறதில்ல. ஆளுக்கொரு வெப்சைட் ஆரம்பிச்சுப் பதில் எழுதுங்க. எப்படின்னு கம்ப்யூட்டர் சார் சொல்லிக் கொடுப்பார். ஆனா ஒண்ணு, எழுத்துப் பிழை விட்டீங்க, அதுக்கும் சேர்த்துச் சிரிப்பான்.”

கட்டுரை என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் வகுப்பு அது. அந்த வாரமே மழைக்காளான் மாதிரி வெப்சைட்டுகள் முளைத்தன. கால்பந்துக்கு ஒன்று, பூனைகளுக்கு ஒன்று, அக்காவின் அட்டூழியங்களுக்கு ஒன்று. எதுவாக இருந்தாலும் முதல் பக்கத்தில் கழுதை முரசுக்குச் சுடச்சுட அர்ச்சனை.

கழுதை முரசும் சளைக்கவில்லை. தினமும் ஒரு உதை விட்டது. ஆனால் அதிலேயே பிழைகள் புழுத்துக் கிடந்தன. ஒரு நாள் ‘பள்ளி’ அங்கே ‘பல்லி’யாகி ஓடியது.

“நம்மளைப் போய்க் கழுதைங்கறான், இவனுக்கு ல-வும் ள-வும் தெரியல!” வகுப்புக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. அகராதியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்து, கழுதையின் பிழைகளைப் பொறுக்கியெடுத்து, திருத்தி, தங்கள் வெப்சைட்டில் போட்டு மானத்தை வாங்கினார்கள்.

ஒருத்தி மட்டும் எதையும் எழுதவில்லை. அவளுக்குப் பட்டப்பெயர் கல்வெட்டு. எழுதினால் அவளாலேயே படிக்க முடியாது என்பதால் வந்த பெயர். வாய் காது வரை நீளும், கை மட்டும் நகராது. மற்றவர்கள் விழுந்து விழுந்து எழுத, கடைசி வரிசைக் கம்ப்யூட்டரில் அவளுடைய வெப்சைட் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

“இப்படியே போச்சுன்னா அடுத்த வருஷமும் இதே பெஞ்சுதான்” என்று தலைமையாசிரியர் அவள் அம்மாவை வரவழைத்துச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் அவள் வராந்தாவில் டீச்சரை மறித்தாள்.

“டீச்சர், அறுவைக்கு எந்த ரு?”

“வல்லின று. ஏம்மா, வீட்டுல யாருக்காவது ஆபரேஷனா?”

“ஐயோ, இல்ல டீச்சர். சும்மா கேட்டேன்.” ஓடிவிட்டாள்.

கேட்கவாவது தோன்றியதே என்று டீச்சர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தமிழ் டீச்சரும் கம்ப்யூட்டர் சாரும் தலைமையாசிரியர் முன்னால் நின்றார்கள். அவர் முகம் சட்டியில் இட்ட மிளகாய் மாதிரி இருந்தது. “படிங்க இதை!” என்று திரையைத் திருப்பினார்.

கழுதை முரசு சொன்னது: ‘தலைமையாசிரியர் தினமும் காலைக் கூட்டத்தில் அறுவை செய்கிறார். மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. அவர் வாயைத் திறந்ததுமே எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள்.’

கம்ப்யூட்டர் சாருக்குச் சிரிப்பு பீறிட்டது. அவசரமாக அதை இருமலாக மாற்றினார்.

“ஒரு பிழைகூட இல்ல, கவனிச்சீங்களா? எவனோ நல்லாப் படிச்சவன்தான்! ஆள் யாருன்னு இப்பவே எனக்குத் தெரியணும். இல்லைன்னா கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டு!”

தமிழ் டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். “பூட்டிடாதீங்க சார். அதை ஆரம்பிச்சது நாங்க ரெண்டு பேரும்தான். ரோஷம் வந்தாலாவது பசங்க எழுதுவாங்களேன்னுதான். ஆனா முதல் நாள் எழுதினது மட்டும்தான் நான். மிச்சமெல்லாம் இவர்.”

“நானா?” கம்ப்யூட்டர் சார் துள்ளினார். “எனக்குத் தமிழ்ல லீவ் லெட்டர் எழுதவே நாக்குத் தள்ளிடும்! நீங்கதான் வேணும்னே பிழை விட்டுப் பசங்களுக்குத் தூண்டில் போடறீங்கன்னு நெனச்சேன். மனசுக்குள்ள சபாஷ்கூடப் போட்டேன்!”

“நான் வேற... எழுதறது நீங்கங்கறதால அவ்வளவு பிழைன்னும், போகப் போக நீங்களே கத்துக்கிட்டீங்கன்னும்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!”

“பாஸ்வேர்டு வேற யாருகிட்ட இருக்கு?” என்று உறுமினார் தலைமையாசிரியர்.

“யாருகிட்டயும் இல்ல சார்.” கம்ப்யூட்டர் சார் தலையைச் சொறிந்தார். “ஆனா முதல் நாள் கடைசி வரிசை மெஷின்லதான் திறந்தேன். வெளிய வந்தப்ப லாக்-அவுட் பண்ணினேனான்னுதான்...”

“நல்லா நடத்துறீங்க பள்ளிக்கூடம்! அந்தக் கழுதை முரசை இப்பவே, என் கண் முன்னால, இழுத்து மூடுங்க!” மேசையில் விழுந்த குத்தில் பேனா உருண்டது.

வெளியே கதவில் காதை வைத்து எட்டாம் வகுப்பே அப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தைப் பிளந்து, கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு கல்வெட்டு உள்ளே வந்து நின்றாள். யாருக்கும் அடங்காதவள் முதன்முறையாகக் கைகூப்பினாள்.

“மூடிடாதீங்க சார்... இப்பதான் எனக்கு எழுதவே வருது.”