லேசான டீம்

புள்ளிப் பட்டியலைக் கீழேயிருந்து மேலே படிக்க ஆரம்பித்தார் ஹாக்கி கோச். கடைசி வரியிலேயே விரல் நின்றுவிட்டது. ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் தோல்வி.

"இவங்களோட ஆடிடுவோம்," என்றார்.

எதிரே நின்ற கேப்டன் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. "பாவம் சார் அவங்க. அவங்கள அடிச்சுத்தான் நாம ஜெயிக்கணுமா?"

இந்த வருஷம் இரண்டு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் பெண்கள் டீமையே கலைத்துவிடுவதாகக் கல்லூரி முதல்வர் கறாராகச் சொல்லியிருந்தார். கையில் ஒரு வெற்றி, பாக்கி ஒரே ஆட்டம். டீம் போனால் பதினாலு பெண்களுக்கும் ஹாஸ்டல் இடம் போகும்.

கடைசி ஆட்டத்துக்கு மட்டும் எதிரணியை அவரவரே பேசி வைத்துக்கொள்ளலாம். போனை எடுத்தார்.

அந்தக் கல்லூரியின் கோச் ஒரு அம்மாள். இவர் கேட்டு முடிப்பதற்குள் "ஆடலாம் சார்" என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "கோல்ல அதே பொண்ணுதானே நிக்குது?"

"அதே பொண்ணுதான் மேடம்."

இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற மனுஷியைப் போய் ஏய்க்கிறோமே என்று அவருக்கு உறுத்தியது. இவருடைய டீம் கோல்கீப்பருக்குத் தோழிகள் வைத்த பெயர் 'கதவு'. எப்போதும் திறந்தே இருக்கும் என்பதால்.

சனிக்கிழமை காலை ஆட்டம். தோற்றுத் தோற்று மரத்துப்போன பெண்கள் வருவார்கள் என்று பார்த்தால், வந்தவர்கள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். நல்ல காலம், கேப்டன் எப்படியோ ஒரு கோலைத் தள்ளிவிட்டாள்.

கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி. கோச் கண்ணை மூடிக்கொண்டார். பந்து கதவின் கால் பேடில் பட்டு வெளியே தெறித்தது. அவள் பந்தைப் பார்த்தாளா என்பதே சந்தேகம்.

இவருடைய பெண்கள் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அந்தப் பக்கம் பெஞ்சில், அம்மாள் தன் பெண்களின் ஜெர்சிகளை ஒவ்வொன்றாக வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கோச் தயங்கித் தயங்கிப் போனார். "நல்லா ஆடினாங்க மேடம். ஜெர்சிய ஏன் இப்பவே வாங்குறீங்க?"

"காலேஜ்ல ஒப்படைக்கணும் சார். ஒரு மேட்சாவது ஜெயிச்சாத்தான் டீம் இருக்கும்னு சொல்லியிருந்தாங்க. இதுதான் கடைசி."

"அப்படின்னா... நான் கூப்பிட்டதும் ஏன் மேடம் ஒத்துக்கிட்டீங்க?"

அம்மாள் பையின் வாயை இழுத்துக் கட்டினார்.

"உங்க டீம்னா ஜெயிச்சிடலாம்னு நெனச்சேன் சார்."