இன்னைக்கே எடுத்துடலாம்

"அப்பா விரலை நல்லாத் துடைச்சுட்டு மறுபடி வைடா. ஈரமா இருந்தா ரேகை எடுக்காது!" என்று போனில் கத்திக்கொண்டே, மேசை மேலிருந்த இன்னொரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார் கார் வாங்க வந்தவர்.

எதிரே உட்கார்ந்திருந்த சேல்ஸ்மேனுக்கு எரிச்சலாக வந்தது. பிஸ்கட்டுக்காக அல்ல. காலையிலிருந்து காதில் விழுந்ததை எல்லாம் கூட்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்துவிட்டது.

ஊரில் அப்பா படுத்த படுக்கை. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவன் தம்பி. அப்பாவின் போனில் அப்பாவின் விரலையே வைத்து, அந்த ஊர் பேங்கில் அவர் சேர்த்து வைத்த பணத்தைக் கடல் தாண்டி இங்கே உருவிக்கொண்டிருந்தார் இந்த மகராசன். மருந்துக்கா, மாத்திரைக்கா? மேல்கூரை திறந்து மூடுகிற கறுப்பு காருக்கு!

சேல்ஸ்மேனும் பெற்றவர்களை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவர்தான். மாதம் பிறந்தால் இங்கேயிருந்து அங்கே பணம் போகும். அங்கேயிருந்து இங்கே உறிஞ்சுகிற பிறவியை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"என்னது, இன்னும் எடுக்கலையா? அப்போ ரகசிய நம்பர் போடு. அம்மாவுக்குத் தெரியும், கேளு. சொல்லலைன்னா அதட்டிக் கேளுடா!"

தூ, என்று உதடு வரை வந்ததைக் காபியோடு சேர்த்து விழுங்கினார் சேல்ஸ்மேன். விற்கிறவன் துப்பக் கூடாது. சிரிக்கத்தான் வேண்டும்.

"அவசரமே இல்லை சார். வெளிநாட்டு பேங்க் பணம் வர்றதுக்கு முன்னேபின்னே ஆகும். நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை, வண்டியை உங்க பேர்லயே நிறுத்தி வைக்கறேன்."

"நாளைக்கு அந்த பேங்க்லேர்ந்து ஒத்தைக் காசு நகராது."

"ஏன் சார், அங்கே லீவா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்" என்றவர், சாவிக்கொத்தின் முனையால் பல்லைக் குத்த ஆரம்பித்தார்.

போன் மறுபடி அடித்தது. "அனுப்பிட்டியா? சபாஷ்! அக்காவுக்குச் சொல்லிடலையே? சொன்னா எனக்கு எங்கேன்னு வந்து நிப்பா. பணம் இங்கே வந்து சேரட்டும், அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

கூடப் பிறந்தவளுக்கும் பட்டை நாமமா! இந்த ஆள் உட்கார்ந்த நாற்காலியைக்கூடக் கழுவித்தான் வைக்க வேண்டும் என்று சேல்ஸ்மேனுக்குத் தோன்றியது.

வந்தவரின் குரல் திடீரென்று தணிந்தது. "ஏசியை நல்லாக் கூட்டி வைடா. ரூம் கதவு சாத்தியே இருக்கட்டும். யார் வந்து கேட்டாலும் அப்பா தூங்கறார்னு சொல்லி, வாசலோட அனுப்பிடு."

சேல்ஸ்மேன் கொஞ்சம் இளகினார். அட, அப்பாவுக்குப் புழுங்கக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது என்கிற அக்கறையாவது இருக்கிறதே. ஒருவேளை அந்தப் பெரியவரே மனசார 'எடுத்துக்கோடா' என்று சொல்லியிருப்பாரோ? பாவம், அவசரப்பட்டு மனுஷனை ஏகத்துக்கும் திட்டிவிட்டோமே என்று உறுத்தியது.

"சரி சரி, எடுக்கறதை நாளைக்குக் காலையில வெச்சுக்கலாம்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார் வந்தவர்.

சேல்ஸ்மேன் பதறினார். "எதுக்கு சார் நாளைக்கு? பணம் வந்துட்டா இன்னைக்கே எடுத்துடலாமே!"

வந்தவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "ஆங்... ஆமாமா. இதை இன்னைக்கே எடுத்துடலாம்."

சற்று நேரத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேஷியர் பெண் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். பணம் முழுசாக வந்துவிட்டது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. காரின் நெற்றியில் சிவப்பு ரிப்பன் கட்டி முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊழியர்கள் சுற்றி நின்றார்கள். வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய போட்டோவுக்குச் சிரித்தார்.

மனசுக்குள் திட்டிய பாவத்துக்குப் பரிகாரம் போல, சேல்ஸ்மேன் அவருடைய போனை வாங்கி, தன் கையாலேயே வண்டியோடு இணைத்துக் கொடுத்தார். "இனிமே போனைத் தொடவே வேணாம் சார். யார் கூப்பிட்டாலும் வண்டியே எடுத்துப் பேசும். சுத்திலும் ஸ்பீக்கர். பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரியே இருக்கும்."

"அப்படியா? சத்தத்தை முழுசா வைங்க, பார்ப்போம்."

வைத்தார். பாட்டு அதிர்ந்தது. ஊழியர்களில் ஒருத்தி தாளத்துக்குத் தலையாட்டினாள்.

சட்டென்று பாட்டு நின்று மணி அடித்தது. திரையில் 'தம்பி' என்று வந்தது. வந்தவர் பாய்ந்து எதை எதையோ அழுத்தினார். அதற்குள் வண்டி எடுத்துவிட்டது.

அங்கே நின்றவர்களில் தமிழ் தெரிந்தவர் சேல்ஸ்மேன் ஒருவர்தான். மற்றவர்கள் சிரித்தபடி கைதட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்த கதவுகள் வழியே, கம்மிப்போன குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, பணம் வந்துடுச்சுல்ல? இனிமே அம்மா அழலாமா?"