ஓசியில் ஒரு ஆபரேசன்

இலவசக் கண் முகாமில் இன்றைக்கு எப்படியாவது ஆபரேசனுக்குப் பெயர் கொடுத்துவிட வேண்டும் என்று கிணத்துக்கடவு அப்புசாமி வரிசையில் உட்கார்ந்திருந்தார். புரை விழுந்த கண்ணுக்குப் பக்கத்து ஆள் வெறும் நிழலாகத்தான் தெரிந்தார்.

"ஏனுங்க, ஓசியில பண்ணுனா இவீங்களுக்கு எப்படிங்க கட்டுபடியாகும்?" என்றது நிழல்.

அப்புசாமிக்கு விளக்கம் சொல்வதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. "வசதியானவங்க அதே டாக்டருகிட்டப் பணங்கட்டிப் பண்ணிக்குவாங்க. அதுல மிஞ்சறதுதானுங்க நமக்கு. இந்த மாசம் கட்டுனவங்க கொறைச்சலாம். நமக்குக் கெடைக்குமோ என்னமோ!"

நிழல் எழுந்தது. "அப்ப நான் கட்டிப்போடறனுங்க. மகன் பணம் அனுப்பியிருக்கான்."

"அட, உங்களுக்கெதுக்குங்க வீண் செலவு?"

"உங்களுக்கு ஓசியில ஆவோணுமில்லீங்களா, முதலாளி?"

அப்போதுதான் குரல் பிடிபட்டது. அவருடைய நாற்பது ஏக்கர் தோப்பில் தேங்காய் உரிக்கும் தனபால்.