வோக்கரின் வம்சம்

"வண்ணான்ரை பரம்பரையிலை வந்தவனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன். அவ்வளவுதான் கதை!"

சின்னராசா போட்ட சத்தம் நோர்வேயின் ஹொல்ம்லியாவில் இருந்த அந்த அடுக்குமாடி முழுக்கக் கேட்டிருக்கும். பெண் கேட்டு வந்த லோறன்ஸ் வோக்கர் அப்போதுதான் ரயிலுக்குப் போயிருந்தான். அவன் கடித்த மீன் றோல்ஸ் பாதி தட்டிலேயே கிடந்தது.

மகள் ஹம்சத்வனிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வெள்ளைக்காரன் என்றதற்கே ஒரு வருடம் மகளோடு முகம் கொடுத்துக் கதைக்காத மனுசன். இன்றுதான் மனமிரங்கி, "வோக்கர் எண்டா என்ன தம்பி?" என்று நோர்வேஜிய மொழியில் வாயைத் திறந்தார்.

அவனும் கள்ளமில்லாமல் சொன்னான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, காலால் மிதித்து அழுக்கெடுத்தவர்களுக்கு அந்தப் பெயராம். சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு! "உங்கடை ஆக்கள் என்ன தொழில் செய்தவை?" என்று ஆசையாகவும் கேட்டான். சின்னராசா விருட்டென்று எழும்பிப் பல்கனிக்குப் போனவர்தான், அவன் போகும்வரை உள்ளே வரவில்லை.

"எந்தக் காலத்துக் கதையப்பா அது! அவன் இப்ப டொக்டர்."

"டொக்டர் எண்டாப்போலை? கலியாண வீட்டிலையும் இதைத்தானே எல்லாரோடையும் கதைப்பான்! கோயில் ஆக்கள் முழுப்பேரும் இருப்பினம். ஊரையே ஆண்ட விதானையாற்றை பேத்தி நீ, அதை மறந்திடாதை!"

"சாதி பாக்கிறதெண்டால் ஊரிலையே இருந்திருக்கலாமே! ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

சின்னராசா குளிரங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஹம்சத்வனி அழுதுகொண்டே குசினிக்குள் போனாள். அம்மா மங்களேஸ்வரி ஏற்கெனவே கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது வாயைத் திறவுங்கோவன் அம்மா! லோறன்ஸ் சொன்னதிலை என்ன பிழை?"

மங்களேஸ்வரி முதலில் யன்னலைச் சாத்தினாள். மேல்வீட்டிலும் தமிழ் ஆட்கள்.

"அவன் சொன்னதுக்கு அப்பா எழும்பேல்லைப் பிள்ளை. கேட்டதுக்குத்தான் எழும்பினவர்."

"அதுக்கேன் எழும்புவான்? விதானையார் எண்டு சொல்லியிருக்கலாமே!"

"விதானையும் இல்லை, ஒண்டும் இல்லை. உன்ரை அப்பப்பா ஊரார் உடுப்பு வெளுத்தவர்." மங்களேஸ்வரி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பெடியன் பிறத்தியாருக்கு நிமிந்து நிண்டு சொல்லுறான். நாங்கள் பெத்த பிள்ளைக்கே இவ்வளவு நாளும் சொல்லேல்லை."